மோன்பெரூஸ் மலையில் அண்ணைக்கு இடம் பார்க்கப் போனது

திரான்சி,
யூன் 11, புதன்கிழமை.

அன்புள்ள றெஜினா அக்காவுக்கு,

தம்பி யூலியன் எழுதுவது. நாங்கள் இங்கே ஆண்டவர் விட்ட அளவில் இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் குறையவேண்டும் என்று ஞாயிறு பூசையில் இருவர் பெயரையும் சொல்லி மன்றாடினேன். இந்த விடயத்தைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் பாதியில் அழத் தொடங்குவீர்கள், நான் பாதியில் கத்தத் தொடங்குவேன், அத்தான் இடையில் போனை வாங்கி மன்னாரில் மழை பெய்யாததைப் பற்றிக் கதைப்பார். ஆகையால் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து, சாப்பிட்ட பிறகு வாசிக்கவும்.

அன்ரன் அண்ணையின் வருத்தம் உங்களுக்குத் தெரியும். ஈரலில் தொடங்கியது இப்போது முதுகெலும்புக்கும் போய்விட்டது. மே மாதக் கடைசியில் டொக்டர் அம்மா மருந்து ஏற்றுவதை நிறுத்திவிட்டார். இனி எவ்வளவு காலம் என்று நான் கேட்க, அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, இலை கொட்டும் காலம் வரை இருப்பார் என்று நினைக்கிறேன் என்றார். அண்ணை பக்கத்தில்தான் இருந்தார். வெளியே வந்ததும் "எந்த மரத்தின்ரை இலை எண்டு கேட்டிருக்கலாம்" என்றார். இதுதான் நிலைமை. நோவுக்குக் குளிசை இருக்கிறது, கஞ்சி இறங்குகிறது, மெல்ல நடக்கிறார், வாய் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்கிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் செபஸ்தியாம்பிள்ளை. பாரிஸ் லா சப்பலில் எங்கள் ஆட்கள் முடி வெட்டும் கடைக்குக் காலை பத்து மணிக்கு வந்து, முடி வெட்டாமலே பகல் ஒரு மணிவரை கதிரையை விடாமல் இருக்கும் மனிதர் அவர். ஓய்வுபெற்றோர் சங்கத்தோடு பஸ்ஸில் மோன்பெரூஸ் என்ற ஊருக்கு ஒருநாள் சுற்றுலா போய்வந்தாராம். மலையுச்சியில் எண்ணூறு வருசத்துக்கு முந்திய கல் வீடுகள், கோட்டை மதில், தேன் கடை, சவர்க்காரக் கடை. அண்ணைக்கு ஒரு லவெண்டர் சவர்க்காரமும் ஊரின் படம் போட்ட தாளும் கொண்டுவந்து கொடுத்தார். அதோடு நின்றிருக்கலாம். பாரிசைச் சுற்றியுள்ள சேமக்காலைகளில் புதைக்கும் இடத்தைப் பத்து வருசம், முப்பது வருசம் என்று தவணைக்குத்தான் தருவார்கள், தவணை முடிந்து யாரும் புதுப்பிக்காவிட்டால் எலும்பைக் கிளறி எடுத்துப் பொதுக்குழியில் போடுவார்கள், இந்த மாதிரி மலைக் கிராமத்தில் என்றால் எப்போதைக்குமாகத் தருவார்கள் என்றும் சொல்லிவிட்டார். சாகப்போகிற மனிதனுக்குச் சொல்லும் கதையா இது? அண்ணை வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டார்: "யூலியன், செத்தாப் பிறகும் விசா புதுக்கவேணுமோ?"

நான் சிரித்துவிட்டேன். அது என் முதல் பிழை. அவர் சிரிக்கவில்லை. அந்தப் படத்தைக் கட்டிலுக்கு நேரே சுவரில் ஒட்டினார். மலையுச்சியில், கோயிலுக்கும் மேலே, சின்ன மதிலுக்குள் முப்பது நாற்பது சிலுவைகள் தெரிந்தன. அங்கேதான் தன்னை வைக்கவேண்டும் என்றார். இஞ்சை திரான்சியில் பிரச்சினை என்ன என்று கேட்டேன். "இஞ்சை தட்டையா இருக்கு" என்றார். மன்னாரும் தட்டைதானே என்றேன். "அதைத்தானே சொல்லுறன். எழுபத்தொரு வருசமா நான் ஒரு மேட்டிலையும் படுக்கேல்லை" என்றார்.

போன வெள்ளிக்கிழமை போனோம். வெள்ளி பின்னேரம் இரண்டிலிருந்து நாலு மணிவரைதான் அந்த ஊர் மேரி திறந்திருக்கும். மேரி என்றால் மாதா இல்லை அக்கா, இங்கே நகரசபைக் கந்தோரை அப்படிச் சொல்வது. என் மகள் அனுஜா வேலைக்கு லீவு போட்டுக் கார் ஓடினாள். என் மனுசி இம்மாகுலேற்றுக்கு லீவு இல்லை, அவள் ஒரு துண்டில் சாமான் பட்டியல் எழுதித் தந்தாள்: சவர்க்காரம் ஆறு, தேன் இரண்டு போத்தல், ஆட்டுப்பால் கட்டி வேண்டாம், மணக்கும். அண்ணை கறுத்த சூட்டும் கழுத்தில் ரையும் போட்டு வந்து நின்றார். அனுஜாவின் முதல்நன்மைப் பூசைக்குத் தைத்த சூட். இப்போது அதற்குள் இன்னொரு அண்ணையும் நிற்கலாம். "பெரியப்பா, சும்மா சுத்திப் பாக்கத்தானே போறம்" என்று அனுஜா சொல்ல, "இடம் கேக்கப் போறவன் மரியாதையாப் போகவேணும்" என்றார். போகிற வழிக்கு நேர் எதிர்ப்பக்கமாக இருந்தும் லா சப்பலில் ரூ காய் தெருவுக்குப் போய் இடியப்பப் பார்சல் கட்டவேண்டும் என்று பிடிவாதம். அங்கே முடி வெட்டும் கடை வாசலில் நின்று செபஸ்தியாம்பிள்ளை, மாப்பிள்ளையை வழியனுப்புவதுபோல் இரண்டு கையையும் ஆட்டினார். நான் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

இரண்டரை மணித்தியால ஓட்டம். ஊருக்குள் கார் விடமாட்டார்கள், அடிவாரத்தில் நிறுத்திவிட்டு ஏறவேண்டும். படியும் சரிவுமாக, எண்ணூறு வருசத்துக்கு முந்திய கல், எண்ணூறு வருசமாக யாரும் சமப்படுத்தவில்லை. அண்ணை பத்துப் படிக்கு ஒருமுறை நின்றார். நிற்கும் இடத்திலெல்லாம் ஒரு கடை இருந்தது, நின்ற கடையிலெல்லாம் ஒன்று வாங்கினார், வாங்கியதெல்லாம் என் கையில் வந்தது. சவர்க்காரம், தேன், கடுகு அரைத்த மண்சாடி, எனக்கு வேண்டாத ஒரு வைக்கோல் தொப்பி. மெழுகுதிரிக் கடையில் அண்ணை என் முழங்கை அளவு தடித்த ஒன்றைத் தூக்கிப் பிடித்து, இது எத்தனை மணித்தியாலம் எரியும் என்று கேட்டார். கடைக்காரி எழுபது மணித்தியாலம் என்றாள். அண்ணை விரலை மடித்துக் கணக்குப் பார்த்து, "சவம் வீட்டிலை கிடக்கிறது, பூசை, தாட்டு முடியிறது... காணும்" என்றார். தமிழில் சொன்னபடியால் அந்தப் பிள்ளை பிறந்தநாளுக்கு என்று நினைத்து நாடா கட்டித் தந்தது.

அடுத்தது மட்பாண்டக் கடை. ரோமன் என்ற தாடிக்காரன், மலை மாதிரி ஆள், மண் பூசிய கையோடு சக்கரத்தில் இருந்தான். வீட்டு வாசலில் மாட்டும் பெயர்த் தட்டுகளைக் கேட்பவர்கள் முன்னாலேயே எழுதி, சின்ன மின்சூளையில் வைத்து அன்றைக்கே கொடுப்பவன். அண்ணை தன் முழுப் பெயரையும் எழுதச் சொன்னார். எழுதினான். கீழே 1954 என்று போடச் சொன்னார். போட்டான். அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குப் பக்கத்தில் இடம் விடச் சொன்னார். ரோமன் தூரிகையைப் பிடித்தபடி எதற்கு இடம் என்று கேட்டான். அண்ணை தன் பிரெஞ்சில், முப்பத்தொரு வருசம் உணவகக் குசினியில் படித்த பிரெஞ்சில், அது மற்ற வருசத்துக்கு என்றார். ரோமனுக்கு விளங்கிவிட்டது. அவன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டான். ஆனால் தொழில்காரன் தொழில்காரன்தானே, சூளையில் வைத்த பிறகு எழுதினால் நிற்காது, எழுதுவதென்றால் இப்போதே எழுதவேண்டும் என்று மெதுவாகச் சொன்னான்.

அக்கா, அந்தக் கடைக்குள் நின்று நானும் அண்ணையும் வருசத்துக்குச் சண்டை பிடித்தோம். "இந்த வருசத்தைப் போடச் சொல்லு" என்றார் அண்ணை. "2031" என்றேன் நான். "கல்லிலை பொய் எழுதாதை" என்றார். "அது கல் இல்லை, மண்" என்றேன். "டேய், டொக்டர் சொன்னது உனக்குக் கேக்கேல்லையோ?" "டொக்டர் இலையைப் பற்றித்தான் சொன்னவ, வருசத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை!" நான் கத்திவிட்டேன். கடைக்கு வந்த இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனார்கள். அனுஜா எங்கள் இரண்டு பேரையும் விலக்கி, அழுதுகொண்டே ரோமனிடம் பிரெஞ்சில் சொன்னாள், ஒன்றும் போடவேண்டாம், கோடும் போடவேண்டாம் என்று. பிள்ளை கெட்டித்தனமாகத்தான் சொன்னது. அந்தக் கோடுதான் பார்க்கக் கூடாததாக இருந்தது. ரோமன் ஈரத்துணியால் கோட்டைத் துடைத்தான். பெயரும் 1954உம் மட்டும் நின்றது. சூளையில் வேகும்வரை மதிலடியில் இருந்து இடியப்பம் சாப்பிட்டோம். அண்ணை இரண்டு இடியப்பம் சாப்பிட்டார். அவர் இரண்டு சாப்பிட்டு மூன்று வாரம்.

இரண்டு மணிக்குப் பெயர்த் தட்டை வாங்கிக்கொண்டு மேரிக்குப் போனோம். அறுபது வயதுள்ள செயலாளர் மடாம், கண்ணாடிக்குச் சங்கிலி போட்டவர், சூட் போட்ட அண்ணையையும் சாமான் பையோடு என்னையும் அனுஜாவையும் பார்த்துவிட்டு மலர்ந்த முகத்தோடு எழும்பி, கல்யாணப் பதிவுத் தாளை எடுத்து வைத்தார். அண்ணை தலையை ஆட்டி "மற்ற அலுவல் மடாம்" என்றார். மடாம் குழந்தைப் பதிவுத் தாளை எடுத்தார். பிறகு அனுஜாதான் விளக்கிச் சொன்னாள். மடாம் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, மிகவும் பணிவாகச் சொன்னார்: இந்தச் சேமக்காலையில் இடம் மூன்று வகை ஆட்களுக்குத்தான். இந்த ஊரில் குடியிருப்பவர், இந்த ஊரில் குடும்பக் கல்லறை உள்ளவர், இந்த ஊரில் இறப்பவர். மற்றவர்களுக்கு மேயர் விரும்பினால் தரலாம், ஆனால் இருப்பதே சின்ன இடம், அவர் தருவதில்லை.

அண்ணை கவனமாகக் கேட்டார். பிறகு மூன்றாவது விரலைப் பிடித்துக்கொண்டு, "இஞ்சை சாகிறதெண்டா, அதுக்கு முந்தி இத்தினை நாள் இஞ்சை இருந்திருக்கவேணும் எண்டு ஏதும் சட்டம் இருக்கோ எண்டு கேள்" என்றார். அனுஜா மொழிபெயர்க்க மாட்டேன் என்றாள். அண்ணை தானே கேட்டார். மடாம் திகைத்துப்போய், அப்படி ஒரு சட்டமும் இல்லை என்றார். "அப்ப இண்டைக்கும் சரி" என்றார் அண்ணை. எழும்பி நன்றி சொல்லி, மடாமின் கையைக் குலுக்கிவிட்டு, என்னைப் பார்த்து, "வா, மேலை போய்ப் பாப்பம்" என்றார்.

நான் அந்த இடத்திலேயே காருக்குத் திருப்பியிருக்கவேண்டும். நான் செய்யவில்லை. ஏன் என்று உங்களுக்குத்தான் சொல்ல முடியும். நான் பாரிசுக்கு வந்த முதல் கிழமை அண்ணை வேலை செய்த உணவகத்தில் எனக்கும் கோப்பை கழுவும் வேலை இருந்தது. நிலத்துக்குக் கீழே குசினி, சன்னல் இல்லை, நடு மத்தியானத்திலும் பல்ப் வெளிச்சம். அண்ணை முதலாளியிடம் தம்பிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என்னை ரூ காயில் ஒரு பலசரக்குக் கடையில் கொண்டுபோய் நிறுத்தினார். "நீ இதிலை நில். வெயில் விழுது" என்றார். நான் இருபத்தாறு வருசம் வெயில் விழும் இடத்தில் நின்று கத்தரிக்காய் நிறுத்தேன். அவர் முப்பத்தொரு வருசம் கீழேயே நின்றார். கல்யாணமும் கட்டவில்லை. அதனால் மேலே ஏறினோம்.

சேமக்காலை படத்தில் இருந்தது போலவே இருந்தது, அதுதான் கரைச்சல். கீழே ஆறு, கோதுமை வயல், மதிலுக்கு மேலால் பறக்கும் குருவிகளின் முதுகு தெரிந்தது. பறவையை மேலிருந்து பார்ப்பது எனக்கும் அதுதான் முதல் தடவை. அண்ணை இரண்டு கல்லறைகளுக்கு நடுவே புல் வளர்ந்த இடத்தில் சூட்டோடு மல்லாந்து படுத்தார். பெயர்த் தட்டு உடைந்துவிடும் என்று நெஞ்சில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "யூலியன், இஞ்சை காத்து வருது" என்றார். பிறகு, "கீழை நிண்டு போட்டு இனியும் கீழை போகச் சொல்லாதை. போகத்தான் வேணும். ஆனா மேட்டிலை இருந்து போறன்" என்றார். குளிசை நேரம் வந்துவிட்டது, தண்ணீர் முடிந்துவிட்டது. நானும் அனுஜாவும் போத்தலை நிரப்பக் கோயில் பக்கக் குழாய்க்குப் போனோம். ஐந்து நிமிடம், கூடினால் எட்டு.

அதற்குள் அண்ணை அயர்ந்து நித்திரையாகிவிட்டார். அதற்குள் ஒரு சுற்றுலாக் கூட்டமும் வந்துவிட்டது. அவர்கள் என்ன கண்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள் அக்கா. கறுத்த சூட், கறுத்த ரை, மூடிய கண், கூப்பிய கை, நெஞ்சில் பெயரும் பிறந்த வருசமும். ஒருத்தி மயங்கி விழுந்தாளாம். ஒருத்தர் பொம்பியேக்குப் போன் அடித்துவிட்டார். இங்கே நெருப்பு அணைப்பதும் நோயாளியைத் தூக்குவதும் அவர்கள்தான். நாங்கள் தண்ணீரோடு திரும்பும்போது நாலு பொடியன்கள் தலைக்கவசத்தோடும் தூக்குப் படுக்கையோடும் எங்களை முந்தி ஓடினார்கள். ஒருவன் அண்ணையின் கழுத்தில் விரல் வைக்க, அண்ணை கண் திறந்து, தலைக்கு மேலே நாலு தலைக்கவசம் மினுங்குவதைப் பார்த்து, "வந்திட்டியளோ? இவ்வளவு கெதியா?" என்றார்.

இரத்த அழுத்தம் மிகவும் இறங்கிவிட்டது, நடக்க விடமாட்டோம் என்று கட்டிப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஏறும்போது நின்ற அவ்வளவு கடை வாசலாலும் ஊர்வலமாக இறக்கினார்கள். பின்னால் நான், இரண்டு கையிலும் சவர்க்காரம், தேன், கடுகுச் சாடி, நாடா கட்டிய மெழுகுதிரி, தலையில் வைக்கோல் தொப்பி, பிடிக்க வேறு கை இல்லை. மெழுகுதிரிக் கடைப் பிள்ளை வாயைப் பொத்தியது. ரோமன் சக்கரத்தை நிறுத்திவிட்டு எழும்பி நின்றான். மேரி வாசலில் அந்த மடாம் ஓடிவந்து, நான் சட்டத்தைத்தானே சொன்னேன், நான் சட்டத்தைத்தானே சொன்னேன் என்று அழத் தொடங்கிவிட்டார். அண்ணை படுக்கையில் இருந்தபடி கையை உயர்த்தி, "இன்னும் இல்லை மடாம்" என்று பிரெஞ்சில் ஆறுதல் சொன்னார்.

பக்கத்துப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் மூன்று மணித்தியாலம் சேலைன் ஏற்றினார்கள். அங்கிருந்த இளம் டொக்டர் எனக்கு ஏசினார், இந்த நிலைமையில் உள்ளவரை மலை ஏற்றுவதா, உங்களுக்கு அறிவில்லையா என்று. நான் தொப்பியைக் கழற்ற மறந்து நின்று ஓம் ஓம் என்றேன். இரவு காரில் திரும்பினோம். பாரிசுக்குக் கிட்ட வந்தபோது அண்ணை, பின் சீற்றில் சரிந்திருந்தவர், கேட்டார்: "யூலியன், நான் உன்னைக் கரைச்சல் படுத்திறன், என்ன?"

நான் "ஓம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. களைப்பில் சொன்னேன். அனுஜா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். அண்ணை "சரி" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சுவரில் இருந்த படத்தைத் தானே கழற்றினார். ஐந்து நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். தட்டையான திரான்சியே போதும், உனக்கு எது வசதியோ அதைச் செய் என்கிறார். பகிடி விடுவதில்லை. அவர் பகிடி விடாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது அக்கா.

ஆகையால் நான் முடிவு எடுத்துவிட்டேன். எங்கள் நகரச் சேமக்காலையில் பதிவு செய்யப் போகிறேன். மலைக் கதை முடிந்தது. அது விசர்க் கதை. நோயாளி கேட்பதற்கெல்லாம் ஆடினால் நாங்கள்தான் விசரர். நீங்கள் மூத்தவருக்கு அடுத்தவர், உங்கள் சொல்லை அவர் தட்டமாட்டார். அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நன்றாக ஏசி எழுதுங்கள். சாப்பிடச் சொல்லுங்கள். செபஸ்தியாம்பிள்ளையோடு கதைக்கவேண்டாம் என்றும் ஒரு வரி போடுங்கள்.

இம்மாகுலேற்றும் அனுஜாவும் உங்களுக்கும் அத்தானுக்கும் அன்பு சொல்கிறார்கள். மடு மாதா கோயிலுக்குப் போகும்போது எங்கள் மூன்று பேருக்கு ஒரு திரியும் அண்ணைக்குத் தனியாக ஒரு திரியும் ஏற்றுங்கள். தாய் உங்கள் வீட்டு வாசலிலும் எங்கள் வீட்டுப் படியிலும் காவல் நிற்பாளாக.

உங்கள் தம்பி,
யூலியன்

பி.கு.: இன்று திங்கள். கடிதம் முத்திரை ஒட்டாமல் ஐந்து நாள் மேசையில் கிடந்தது. மேலே நான் எழுதிய முடிவைக் கணக்கில் எடுக்கவேண்டாம். சனிக்கிழமை ஒருவருக்கும் சொல்லாமல் ரயிலும் பஸ்ஸும் பிடித்து மோன்பெரூசுக்குப் போனேன். வெதுப்பகத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடு ஒன்று வாடகைக்கு எழுதிவிட்டேன். யூலை முதலாம் திகதி நானும் அண்ணையும் குடிபோகிறோம். இம்மாகுலேற் சனி ஞாயிறு வருவாள். கேட்டவுடன் "போங்கோ" என்றாள், வேறொன்றும் கேட்கவில்லை. அண்ணைக்கு நேற்றுச் சொன்னேன். சுவர்ப் பக்கமிருந்து திரும்பி, எழும்பி இருந்து, "என்ரை சேட்டுகளை நீ மடிக்காதை, உனக்கு மடிக்கத் தெரியாது" என்றார்.

மேரி பூட்டியிருந்தாலும் வெதுப்பகத்தில் நம்பர் வாங்கி அந்த மடாமோடும் போனில் கதைத்தேன். அண்ணை அங்கே குடியிருக்கிறார் என்று காட்டத் தாள்கள் இருந்தால் நல்லதாம். வீட்டுப் பத்திரமும் மின்சாரமும் என் பெயரில், அவர் பெயரில் ஒன்றுமில்லை. அதனால் உறையில் என் பெயரை எழுதாதீர்கள். அண்ணையின் முழுப் பெயரும், கீழே மோன்பெரூஸ் விலாசமும், பெரிய எழுத்தில். விலாசம் தனித் துண்டில் வைத்திருக்கிறேன். கிழமைக்கு ஒன்று போடுங்கள். ஏச வேண்டாம், என்னவும் எழுதுங்கள், மழை பெய்யாததை எழுதினாலும் சரி. இதைக் கண்டவுடன் தொடங்குங்கள் அக்கா. அங்கிருந்து தபால் வரப் பதினெட்டு நாள் பிடிக்கிறது.